ஊகமணி

"திரையை இருட்டாக்கிட்டுக் குடும்வே, அது எனக்கு எதுக்கு?" என்றார் மாசானம்.

கடைக்காரர் செய்யது மசூதுக்கு இந்தச் சடங்கு பழக்கம்தான். பார்வையற்றவர்கள் கைப்பேசி வாங்க வந்தால் முதலில் திரையை அணைக்கச் சொல்வார்கள். பிறகு காதுக்கம்பி செருகத் துளை இருக்கிறதா என்று நகத்தால் தேடுவார்கள். விரல்ரேகைப் பொத்தான் முதுகில் இருக்கிறதா, விலாவில் இருக்கிறதா என்று தடவுவார்கள். நிறம் என்ன என்று யாரும் கேட்பதில்லை. மாசானம் அதையும் கேட்டார். வீட்டில் மனைவி ஆவுடை கேட்பாள்.

"கருநீலம் அண்ணாச்சி. அக்காவுக்குப் புடிக்கும்."

மாசானத்திடம் ஏற்கெனவே ஒரு பேசி இருந்தது. உயர்ந்த ரகம். அதில்தான் கைமொழிபெயர்ப்பி ஓடியது. சட்டைப்பையில் லென்ஸ் வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டால் எதிரில் இருப்பவரின் கைமொழியைப் பார்த்துக் காதில் தமிழாகச் சொல்லும். அவர் பேசுவது, காது கேளாத ஆவுடை மாட்டியிருக்கும் எழுத்துக் கண்ணாடியில் வரிகளாக ஓடும். அந்தக் கருவி வந்த பிறகுதான் பார்வையற்றவர்களும் காது கேளாதவர்களும் கல்யாணம் செய்துகொள்வது ஊரில் சாதாரணமாயிற்று. தரகர்களுக்குக் கொண்டாட்டம். மாசானத்துக்கும் ஆவுடைக்கும் கல்யாணமாகிப் பதினாறு வருடம்.

போன மாதம் பேருந்து நிலையத்தில் அந்தப் பேசியின் பேட்டரி செத்துப்போனது. இருபது நிமிடம் இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், ஒரு வார்த்தை போக வரத் தடம் இல்லாமல். மாசானம் பயந்துபோனார். அவசரத்துக்கு இன்னொரு பேசி வேண்டும், விலை கையைக் கடிக்கக் கூடாது. அதற்குத்தான் இந்தக் கடை.

"பாதி விலைகூட இல்லியே. இதுல கைமொழிபெயர்ப்பி ஓடுமாவே?"

"ஓடும். ஆனா ஒரு சங்கதி. உங்க பெரிய பேசி நொடிக்கு முப்பது தடவ பாக்கும். இது நாலு நொடிக்கு ஒருக்காத்தான் பாக்கும். நடுவுல உள்ளத நிரப்பி பாத்துக்கிடும்."

"நிரப்பின்னா?"

"உங்க பழைய பேச்சையெல்லாம் இதுல ஏத்திருவேன். அக்கா எப்படிப் பேசுவாங்க, எந்த நேரத்துல என்ன கேப்பாங்கன்னு இது படிச்சுக்கிடும். கால்வாசி கையப் பாத்தா முக்கால்வாசிய அதுவே சொல்லிரும். ஊகிச்சுச் சொல்லுத எடத்துல எல்லாம் டிங்குன்னு ஒரு மணி அடிக்கும். ஊகமணின்னு பேரு. அக்கா கண்ணாடியிலயும் நிரப்பிய போட்டுத் தாரேன், காசு வேண்டாம். நீங்க பேசி முடிக்குமுன்ன எழுத்து வந்துரும்."

செய்து காட்டினார். டிங். 'வாங்க.' டிங். 'வெயிலா இருக்கா?' டிங்.

"இந்த மணிய மொதல்ல அணைச்சுப் போடும்" என்றார் மாசானம்.

இதில் அவரைக் குறை சொல்ல முடியாது. பேசியைக் காதால் பயன்படுத்துகிறவர்களுக்கு வீண் சத்தம்தான் முதல் எதிரி. புதிதாகப் பழகுகிறவன்தான் 'பொத்தான், இருமுறை தட்டவும்' என்பதை எல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருப்பான். தேர்ந்த கை எல்லா எச்சரிக்கையையும் முதல் நாளே அணைத்துவிட்டு, குரலின் வேகத்தை அடுத்தவருக்குப் புரியாத அளவுக்கு ஏற்றிவிடும். மாசானம் தேர்ந்த கை. அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

மணி நின்றது. செய்யது ஏதோ சொல்ல வந்தார், அதற்குள் இன்னொரு வாடிக்கையாளர் வந்துவிட்டார்.

அவசரத்துக்கு என்று வாங்கிய பேசி பத்தே நாளில் வீட்டுப்பேசி ஆயிற்று. பெரிய பேசி அலுவலகத்துக்கு மட்டும். மாசானத்துக்கு ஓட்டுநரில்லாப் பேருந்துகளின் புகார் மையத்தில் வேலை. நாள் முழுக்க யாராவது திட்டுவார்கள். நிறுத்தத்தில் நிற்கவில்லை, கதவு முகத்தில் சாத்தியது என்பார்கள். அவரிடம் இரண்டே பதில்கள்தான். ஒன்று, "எங்க மேல தப்பு இல்ல சார், மெஷின்தான்." இன்னொன்று, "பாப்போம்." இருபது வருடம் இந்த இரண்டையும் வைத்து ஒப்பேற்றியிருக்கிறார். அந்தப் "பாப்போம்" அவரோடு வீட்டுக்கும் வந்துவிடும்.

புதிய பேசியில் ஆவுடையின் பேச்சு சுறுசுறுப்பாக இருந்தது. பெரிய பேசி அவள் கை ஓயும்வரை காத்திருந்து சொல்லும். இது அவள் கையைத் தூக்குமுன்பே சொல்லிவிடும். 'சாப்புட்டீங்களா?' 'சட்டை நல்லா இருக்கு.' 'தங்கச்சி வீட்டுக்கு ஒருநாள் போவோமா?' சண்டை குறைந்திருந்தது. முன்பெல்லாம் மாதக் கடைசியில் ஒரு நீண்ட முறையீடு இருக்கும், அதுகூட இல்லை. ஐம்பத்திரண்டு வயதில் ஒருவனுக்குத் திடீரென்று மனைவியை ரொம்பப் பிடித்துப்போனால் அவன் காரணம் தேடிக்கொண்டிருக்க மாட்டான். மாசானமும் தேடவில்லை.

ஒன்றே ஒன்று உறுத்தியது. தோளில் கை போட்டால் ஆவுடையின் தோள் விறைப்பாக இருந்தது. ஒருமுறை கன்னத்தைத் தொட்டபோது ஈரம். "என்னட்டி?" என்றார். 'ஒண்ணுமில்ல, வெங்காயம் அரிஞ்சேன்' என்றது காதில் குரல். வெங்காய வாசனை வரவில்லை. தனக்கு அன்றைக்கு ஜலதோஷம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

ஐந்தாவது மாதம், ஒரு சாயங்காலம். மாசானம் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆவுடை வந்து முன்னால் நின்றாள், கை அசைந்த காற்று பட்டது.

'காபி போடட்டா?'

"சரி."

காலடி நகர்ந்தது. அவர் காதுக்கம்பியில் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்துச் சமையலறைப் பக்கம் திரும்பி, "ஆவுட, சர்க்கரை கம்மியாப் போடு" என்றார்.

'தெரியும், எத்தன வருசமாப் போடுதேன்.'

சிரித்தார். பத்து நிமிடம் போயிற்று. "என்ன, ஆச்சா?"

'பால் பொங்குது, கொண்டாரேன்.'

பால் பொங்கும் வாசனை இல்லை. அடுப்பின் சத்தம் இல்லை. வீட்டில் ஒரு பாத்திரம்கூட அசையவில்லை. மாசானம் காதுக்கம்பியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். மறுபடி மாட்டிக்கொண்டார். "ஆவுட, இங்க வா."

'இந்தா வந்துட்டேன். பக்கத்துலதான் நிக்கேன்.'

அவர் கையை நீட்டினார். எதிரே ஆள் இல்லை. இன்னும் நீட்டினார், விரலில் சுவர்தான் பட்டது.

'என்ன தேடுதீங்க?' என்றது ஆவுடையின் பேச்சு, காதுக்கு வெகு அருகில்.

மாசானம் சட்டென்று எழுந்து சமையலறைக்குப் போய் அடுப்பைத் தொட்டார். சில்லென்று இருந்தது. அவர் மேடையைத் தடவிக்கொண்டிருக்கும்போது காதில் குரல், 'சூடு, கையச் சுட்டுக்கிடாதீங்க' என்றது. காதுக்கம்பியைப் பிடுங்கி எறிந்தார். அப்போதுதான் வாசல் கதவைத் தட்டினார்கள்.

எதிர்வீட்டு ஜான்சி. "அண்ணாச்சி, அக்காவப் புடிச்சுக்கோங்க. தெருமுனை ஓடைக்குள்ள விழுந்துட்டாங்க. நெத்தியில ரத்தம்."

மாசானம் ஆவுடையின் முகத்தைக் கைகளில் ஏந்தினார். விரலில் ரத்தம் பிசுபிசுத்தது. "காபி போடுதேன்னு சொன்னாளே, எப்பம் வெளிய போனா?"

"மருந்துக்கடைக்குப் போறேன்னு உங்ககிட்டச் சொல்லிட்டுத்தான் வந்தாங்களாம். இருட்டுனா அவங்களுக்குக் கண்ணு தெரிய மாட்டேங்கு, பக்கவாட்டுல சுத்தமா இல்ல. எங்கிட்ட எழுதிக் காமிச்சாங்க. ஆஸ்பத்திரிக்குப் போவோம், போவோம்னு அஞ்சு மாசமா உங்ககிட்டக் கேக்காங்களாம். நீங்க பாப்போம் பாப்போம்னே சொல்லுதீங்களாம்." ஜான்சியின் குரலில் கோபம் இருந்தது. "காது இல்லாதவங்களுக்குக் கண்ணுதான் அண்ணாச்சி எல்லாமே. அதுகூடவா உங்களுக்குத் தெரியல?"

"எங்கிட்ட அவ கண்ணப் பத்திச் சொல்லவே இல்லம்மா" என்றார் மாசானம். சத்தியமாக அப்படித்தான் நம்பினார். பாப்போம் என்று சொன்னது ஞாபகம் இருந்தது. தங்கச்சி வீட்டுக்குப் போவோமா என்று அவள் கேட்டபோதெல்லாம் சொன்னது.

மறுநாள் கடை திறந்ததும் போய் நின்றார். செய்யது பேசியைத் தன் கணினியில் மாட்டி, அது நாலு நொடிக்கு ஒருமுறை எடுத்து வைத்திருந்த படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். அடுத்தது, அடுத்தது என்று தட்டிக்கொண்டே போனார்.

"என்னவே, வாயத் தொறந்து சொல்லும்."

"கண்ணக் காமிக்காங்க அண்ணாச்சி. எல்லாப் படத்துலயும் கண்ணத்தான் காமிக்காங்க. 'போவோமா'ன்னு கேக்குத கை மட்டும் இதுக்குத் தெரிஞ்சிருக்கு. எங்கன்னு ஊகிச்சுத் தங்கச்சி வீடுன்னு போட்டுட்டு."

மாசானம் கையை நீட்டிப் பேசியைத் தொட்டார்.

"நிரப்பி ஊகிச்சதோட நிக்காது. பெறவு தான் சொன்னதையும் படத்தையும் ஒத்துப்பாத்து மார்க் போட்டு வைக்கும்" என்று செய்யது தயங்கித் தயங்கிச் சொன்னார். "அக்கா பேச்சு மொத மாசம் நூத்துக்குத் தொண்ணூத்திமூணு சரி. அப்புறம் எறங்குது. இந்த மாசம் முப்பத்தொண்ணு."

"அப்பம் தப்பாச் சொல்லுதோம்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு?"

"தெரிஞ்சிருக்கு. ஒவ்வொரு தடவையும் மணி அடிச்சிருக்கு. பதினோராயிரம் தடவ."

அணைத்துப் போட்ட மணி. ஐந்து மாதம் அவர் நெஞ்சுக்கு மேலேயே, சத்தமில்லாமல் பதினோராயிரம் தடவை அடித்திருக்கிறது. மாசானம் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். பிறகு, கேட்கக் கூடாத ஒன்றைக் கேட்டார்.

"அவ கண்ணாடியில நான் பேசுனது? அதுக்கும் மார்க் உண்டுமா?"

"உண்டு." செய்யது ஒரு நிமிடம் தேடினார். "தொண்ணூத்தொம்பது. அஞ்சு மாசமும் தொண்ணூத்தொம்பது. உங்களை ஊகிக்க அதுக்குக் கஷ்டமே இல்ல அண்ணாச்சி."

அதோடு எழுந்து வந்திருக்கலாம். மாசானத்துக்குள் ஏதோ அரித்தது. பெரிய பேசியை எடுத்து, நிரப்பி ஏதும் இல்லாத காலத்துப் பேச்சை, இரண்டாவது பேசி வாங்குவதற்கு முந்தைய மாதத்தைத் தேடச் சொன்னார். கண் என்ற சொல்லைத் தேடச் சொன்னார். ஒரே ஒரு இடத்தில் கிடைத்தது. நொடிக்கு முப்பது தடவை பார்த்து, ஒரு சொல்கூட விடாமல் காதில் சொல்லப்பட்ட பேச்சு.

'பொழுது சாஞ்சா எனக்குக் கண்ணு சரியாத் தெரிய மாட்டேங்கு. பயமா இருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போவோமா?'

அடுத்து அவருடைய குரலே ஒலித்தது. "பாப்போம்."

கேட்ட ஞாபகம் அவருக்குத் துளிகூட இல்லை. அன்றைக்கு என்ன யோசனையில் இருந்தாரோ. செய்யது காதிலும் அது விழுந்தது, ஆனால் கேட்டும் கேளாததுமாகக் கணினியைத் துடைக்க ஆரம்பித்தார்.

கண் மருத்துவமனையில் அன்று மதியமே ஆவுடையைச் சோதித்தார்கள். டாக்டரம்மா நல்லவர், சுற்றி வளைக்கவில்லை. பக்கப்பார்வை போய்விட்டது, திரும்பாது. நடுவில் ஒரு குழாய் அளவு மிச்சம். அதையாவது நிறுத்திப் பிடிக்க மருந்து உண்டு. ஆறு மாதத்துக்கு முன்னால் வந்திருந்தால் எல்லாவற்றையும் நிறுத்திப் பிடித்திருக்கலாம்.

வெளியே நடைபாதையில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். மாசானத்தின் சட்டைப்பையில் இப்போது பெரிய பேசி இருந்தது. ஆவுடையின் கண்ணாடியில் இருந்த நிரப்பியை யாரும் தொடவில்லை, அதை எடுக்க வேண்டும் என்ற நினைவே அவருக்கு வரவில்லை.

பேருந்தில் வரும்போதே அவர் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்து வைத்திருந்தார். அதில் பொய் அதிகம் இல்லை. ஐந்து மாதத்துக்கு அது முழு உண்மை. அதற்கு முந்தைய ஒரே ஒரு சாயங்காலத்துக்குத்தான் பொய். அந்தச் சாயங்காலம் தனக்கும் செய்யதுக்கும் தவிர யாருக்குத் தெரியப்போகிறது?

ஆவுடையின் கைகள் அசைந்தன. பெரிய பேசி பொறுமையாக, அவள் முடிக்கும்வரை காத்திருந்து சொன்னது.

'முதல் தடவ சொன்னேன்ல, அன்னைக்கு. அது உங்க காதுல விழுந்துச்சா, இல்லியா? அத மட்டும் சொல்லுங்க. வேற எதுவும் நான் கேக்கல.'



மாசானம் மூச்சை இழுத்தார். நாக்கு நுனியில் வாக்கியம் இருந்தது. வாயைத் திறந்தார். ஒரு எழுத்துகூட இன்னும் வெளியே வரவில்லை. அதற்குள் ஆவுடை அவர் முழங்காலில் கை வைத்து நிறுத்தினாள். பிறகு அவள் கை அசைய, காதில் ஒவ்வொரு சொல்லாக வந்தது.

'இருங்க. பதில் கண்ணாடியில வந்துட்டு. "இல்ல ஆவுட, எங்காதுல விழல. எம்மேல தப்பு இல்ல, மெஷின்தான்." இதத்தான் சொல்லப் போறீங்களா?'

நடைபாதையில் யாரையோ பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஆவுடை கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மிச்சமிருந்த அந்தக் குழாய் அளவுப் பார்வையை அவர் உதட்டின் மேல் வைத்துக் காத்திருந்தாள். மாசானத்தின் வாய் திறந்தபடியே இருந்தது. அவரிடம் வேறு வாக்கியம் இல்லை.