ஆதிக்கல் வீடு

குலசேகரன் மாடி முகப்பில் நின்று காபியைக் குடித்து முடித்தார். தட்டில் ஒரு துளி சிந்தவில்லை. அவருடைய வீடு அப்போது ஈரப் புல்வெளியின் மேல் நடந்துகொண்டிருந்தது.

பின்னால் சாந்தா இனேஸ் நகரம் முழுவதும் வந்தது. தேவாலயம், நகரமன்றம், ரொட்டிக் கடைகள், கால்பந்துத் திடல் எல்லாம் தத்தம் நகர்பீடங்களின் மேல் ஏறியிருந்தன. ஒவ்வொரு பீடத்துக்கும் அடியில் யானைக்கால் பருமனில் குட்டைக் கால்கள் வரிசையாக எட்டு வைத்தன. மொட்டை மாடிகளில் துணி காய்ந்தது.

பரானா ஆறு கரையைத் தின்னத் தின்ன, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நகரம் இப்படி எழுந்து மேற்கே போய் உட்காரும். வெளியூர்க்காரர்கள் வாய்பிளந்து பார்ப்பார்கள். வரலாறு படித்தவர்களுக்கு இது வியப்பாகத் தெரியாது. ஸ்பானியர்கள் இந்தக் கண்டத்தில் கட்டிய நகரங்களில் பல இடம் மாறியவைதான். கொள்ளையர் தாக்குதலில் எரிந்த பனாமா வேறிடத்தில் எழுந்தது. நிலநடுக்கத்துக்குப் பின் குவாத்தமாலா இன்னொரு பள்ளத்தாக்குக்குப் போனது. சாந்தா ஃபே நகரமோ பெயரையும் தெருக்களின் அமைப்பையும் கையோடு எடுத்துக்கொண்டே போனது. பழைய ஊரில் யார் பக்கத்து வீடோ, புதிய ஊரிலும் அவரே பக்கத்து வீடு. நடுவில் சதுக்கம், அதைச் சுற்றிக் கட்டம் கட்டமாகத் தெருக்கள். சதுக்கத்தைப் பார்த்த வாசல் உள்ளவன் மதிக்கத்தக்கவன்.

அந்தப் பழைய வழக்கத்துக்குக் கால் கொடுத்தவர் குலசேகரனின் தாத்தா, திருவாரூரிலிருந்து வந்த பொறியாளர். நன்றிக்காக நகரம் அவருக்குச் சதுக்கத்தின் மூலை மனையைத் தந்தது. அவர் அந்த மூலையில் ஒரு கருங்கல்லைப் பதித்தார். அதுதான் ஆதிக்கல். நகரை நடத்தும் கணினியான வரிசைமூளை, எல்லா வீட்டின் இடத்தையும் அந்தக் கல்லிலிருந்தே அளந்தது. கல் நடந்தால் ஊர் நடக்கும், கல் நின்றால் ஊர் நிற்கும். இப்படி ஒரு பெருமை வேறெந்தக் குடும்பத்துக்கும் கிடைத்ததில்லை.

புறப்படும் முன்பே பெயர்ச்சிப் பொறியாளர் லுசியா வந்து சொல்லியிருந்தாள்.

"தோன் குலசேகரன், இந்தத் தடவை மண்ணு ரொம்ப இளகியிருக்கு. உங்க வீடு கல் வீடு, கனம். ஆதிக்கல்லைக் கொஞ்ச நாளைக்கு ஒரு மர வீட்டுக்கு மாத்திக்கலாம். லேசான வீடெல்லாம் முன்னால போகட்டும். நீங்க பின்னால வாங்க."

'தோன்' என்பது அந்த ஊரில் பெரியவர்களின் பெயருக்கு முன் வைக்கும் மரியாதை. அந்த மரியாதைக்குத் தக்கபடியே அவர் பதில் சொன்னார்.

"எங்க குடும்பம் யாருக்கும் பின்னால நடந்ததில்ல."

மூன்றாம் நாள் காலை, கீழே ஏதோ உறிஞ்சுவது போல ஒரு ஓசை கேட்டது. வீடு முன்பக்கம் சாய்ந்தது. சமையலறையிலிருந்து பாத்திரங்கள் உருண்டன. முன்வரிசைக் கால்கள் சேற்றில் முட்டிவரை புதைந்துவிட்டன.

வரிசைமூளை தன் கடமையைத் தவறாமல் செய்தது. ஆதிக்கல் நின்றுவிட்டது, எனவே நகரம் வந்து சேர்ந்துவிட்டது என்று முடிவுகட்டியது. ஆயிரக்கணக்கான வீடுகள் கல்லிலிருந்து தமக்குரிய தூரத்தில் போய் அடக்கமாக உட்கார்ந்தன. ரொட்டிக் கடை ஓடைக்குள் உட்கார்ந்தது. கால்பந்துத் திடலின் ஒரு பாதி குட்டைக்குள் இறங்கியது. கன்னியர் மடத்தின் வாசலில் மாடுகள் வந்து நின்றன.

சற்று நேரத்தில் ஊரே அவர் வாசலுக்கு வந்தது. அடுத்த வீட்டு எவரிஸ்தோ முன்னால் நின்றார். மாத்தே இலை வடிநீர்க் குடுவை எப்போதும் போலக் கையில் இருந்தது.

"தோன் குலசேகரன், வாழ்த்துகள்! உங்க பெருமை ரொம்ப கனம்னு கேள்விப்பட்டிருக்கேன். நிலமே தாங்காதுன்னு இன்னைக்குத்தான் பார்த்தேன்."

கூட்டம் சிரித்தது. லுசியா சிரிக்கவில்லை.

"வடக்கே பெரிய மழை. நாளை மறுநாள் வெள்ளம் இங்கே வரும். மேட்டு நிலத்துக்கு இன்னும் அரை நாள் நடைதான். கல்லை விடுவிச்சா ஊர் தப்பிக்கும். ஆனா உங்க வீடு இங்கயே நிக்கும். வரிசைமூளை உங்க குடும்பக் குரலுக்கு மட்டும்தான் கட்டுப்படும்."

அது தாத்தாவின் ஏற்பாடு. ஸ்பானிய நகரத்தை நிறுவுகிறவன் சதுக்கத்தில் மரத்தூண் நட்டு, வாளால் புல்லை வெட்டி, "இந்த இடத்தை மறுப்பவர் உண்டா?" என்று மூன்று முறை அறைகூவுவது வழக்கம். ஒவ்வொரு பெயர்ச்சியின் முடிவிலும் இந்தக் குடும்பத்தின் தலைவர் அதைச் செய்தார். மற்றவர் மறுத்தால் வரிசைமூளை காதில் போட்டுக்கொள்ளாதபடி தாத்தா அமைத்திருந்தார். குடும்பத்துக்குள்ளிருந்தே ஒருவர் மறுக்கக்கூடும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

குலசேகரன் உள்ளே போய்ச் சாய்ந்த கூடத்தில் சாயாமல் நின்றார். மனைவி மங்கையர்க்கரசி உடைந்த கோப்பைகளைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"கல்லை விட்டா நாம யாரு இந்த ஊர்ல?" என்றார்.

"விடலன்னா ஊரே இல்லையேங்க. அப்புறம் யாருக்கு நடுவுல நின்னு நிமிர்ந்து பார்ப்பீங்க? மீனுக்கா?"

அவர் பெட்டியைத் திறந்து, பெயர்ச்சி நாளில் மட்டும் உடுத்தும் பட்டு வேட்டியை எடுத்தார். வாளை எடுத்தார். அந்தக் கோலத்தில் அவர் வாசலில் இறங்கியதும் எவரிஸ்தோவின் கேலி ஓய்ந்தது.

சேறாகக் கிடந்த சதுக்கத்தில் தூணை நட்டார்கள். குலசேகரன் வேட்டி நனைய நடந்துபோய், ஒரு பிடி கோரையை வெட்டினார்.

"இந்த இடத்தை மறுப்பவர் உண்டா?"

 இரண்டாம் முறை கேட்டார். எங்கோ ஒரு மாடு கத்தியது. மூன்றாம் முறை கேட்டுவிட்டு, வாளைத் தரையில் ஊன்றி, அதே குரலில் தாமே பதில் சொன்னார்.

"உண்டு. நான் மறுக்கிறேன்."

நகரம் முழுவதும் பீடங்கள் முனகியபடி எழுந்தன. லுசியா கூட்டத்தைப் பார்த்தாள்.

"புது ஆதிக்கல் யார் வீட்டுல வைக்கலாம்? தோன் எவரிஸ்தோ?"

எவரிஸ்தோ சேற்றைப் பார்த்தார், தம் வீட்டுக் கால்களைப் பார்த்தார், குடுவையிலிருந்து நீளமாக ஒரு மடக்கு உறிஞ்சினார். "என் மனைவியைக் கேக்கணும்" என்றார். மற்றவர்களுக்கும் அப்படியே மனைவியோ கணவனோ நினைவுக்கு வந்தார்கள். ஆதிக்கல் இல்லாமலேயே நகரம் புறப்பட்டது. ஒவ்வொரு வீடும் அக்கம்பக்கத்து வீடுகளைப் பார்த்துத் தன் இடத்தைக் கணித்துக்கொள்ளும்படி லுசியா அவசரத்தில் அமைத்துவிட்டாள்.

குலசேகரனும் மங்கையர்க்கரசியும் இரண்டு பெட்டிகளோடு எவரிஸ்தோவின் வீட்டு விருந்தினர் அறையில் ஏறினார்கள். சுவருக்கு அப்பாலிருந்து வாழ்நாளெல்லாம் சீண்டிய மனிதரின் கூரைக்குக் கீழே தங்குவது சின்ன விஷயமல்ல. ஆனால் எவரிஸ்தோவின் மனைவி செய்த சோளப் பணியாரம் நன்றாக இருந்தது. மங்கையர்க்கரசி பதிலுக்கு ரசம் வைத்தாள். எவரிஸ்தோ அதைக் குடுவையில் ஊற்றி உறிஞ்சினார். குலசேகரன் இன்னொரு பணியாரத்தை எடுத்துக்கொண்டார்.

மேட்டு நிலத்தில் நகரம் பத்திரமாக அமர்ந்தது. சதுக்கத்தின் ஒரு மூலை மட்டும் காலியாக இருந்தது. வெள்ளம் வந்தது. அது வடியத் தொடங்கிய நாளில் தேவாலய மணி விடாமல் அடித்தது. எல்லோரும் ஓடிப்போய்ப் பார்த்தார்கள்.

வெள்ளம் கல் வீட்டைச் சேற்றிலிருந்து தூக்கிவிட்டிருந்தது. உள்ளீடற்ற பீடம் மிதந்து, தரை தட்டிய இடத்தில் கால் ஊன்றி, தானாகவே ஊரைத் தேடி வந்துகொண்டிருந்தது. மேலெல்லாம் பாசி. தெருவெங்கும் கைதட்டல். குலசேகரன் மூலையில் கைகட்டி நின்று தம் வீட்டை வரவேற்றார்.

அது காலி மனையில் இறங்கியது. உடனே அடுத்த வீடு ஒரு முழம் நகர்ந்தது. பிறகு அதற்கடுத்தது. தெரு தெருவாக நகரம் முழுவதும் சற்றே அசைந்து, அந்த வீட்டுக்கு ஒத்துப்போய் அடங்கியது.

"என்ன இது?" என்றார் எவரிஸ்தோ.

லுசியா நெற்றியைத் தேய்த்தாள். "கல் இல்லாததால கடைசியா வர்ற வீட்டுக்காக வரிசைமூளை காத்திருக்கு. அது உட்கார்ந்த பிறகு மத்ததெல்லாம் அதை வச்சுத்தான் இடத்தைச் சரி பண்ணிக்குது. இனிமே கடைசியா வர்ற வீடுதான் ஊருக்கு அளவு."

கூட்டத்தில் ஒவ்வொரு முகத்திலும் ஒரு கணக்கு ஓடியது.

அடுத்த பெயர்ச்சி வந்தது. புறப்பாட்டு மணி அடித்தது. எவரிஸ்தோ வாசலில் நாற்காலி போட்டுக் குடுவையோடு உட்கார்ந்தார். "மூட்டு வலி. நீங்கல்லாம் போங்க, நான் மெதுவா வர்றேன்." எதிர் வீட்டில் யாருக்கோ காய்ச்சல். கன்னியர் மடத்தில் பிரார்த்தனை இன்னும் முடியவில்லை. ஆறு கரையைக் கடித்துக்கொண்டிருந்தது. ஒரு வீடும் காலைத் தூக்கவில்லை.

முதலில் போவதில் இப்போது எந்தப் பெருமையும் இல்லை. குலசேகரன் மாடி முகப்புக்கு வந்து காபியை வாங்கிக்கொண்டார்.

"வீட்டைக் கிளம்பச் சொல்லு" என்றார்.

"யாருமே கிளம்பலையேங்க" என்றாள் மங்கையர்க்கரசி.

"அதனாலதான். எங்க குடும்பம் யாருக்கும் பின்னால நடந்ததில்ல."

கல் வீடு எழுந்து, வெறிச்சோடிய சதுக்கத்தைக் கடந்து, மேற்கே முதல் எட்டு வைத்தது. தட்டில் ஒரு துளி சிந்தவில்லை.