ரோகு முட்டையிடாத காலை

1984 ஜூலை 19, வியாழக்கிழமை. காலை 6.10.

கீழ்பென்னாத்தூர் சாலையில், ஏரியை ஒட்டிய மீன்குஞ்சுப் பண்ணை. தொட்டிக்குள் இரண்டு துணிக்கூண்டுகள். ஒன்றில் வெள்ளிக்கெண்டைகள் லட்சக்கணக்கில் முட்டையிட்டிருந்தன. மற்றதில் ரோகு மீன்கள் புடைத்த வயிற்றோடு சுற்றிக்கொண்டிருந்தன. ஒரு முட்டைகூட இல்லை.

7.30. மேற்பார்வையாளர் ராஜமாணிக்கம் சப்-இன்ஸ்பெக்டர் அப்பாதுரையை வரவழைத்துவிட்டார்.

"மருந்தைத் திருடிட்டான் சார்" என்று, ஊசி போடும் தசரதனைக் காட்டினார். "வெள்ளிக்கெண்டைக்கு ஒழுங்கா போட்டிருக்கான். மிச்சத்தை வித்துட்டு ரோகுக்குத் தண்ணியை ஏத்திட்டான்."

மருந்து சாதாரணமானதல்ல. அறுநூறு கெண்டைத் தலைகளைப் பிளந்து, மூளைக்கு அடியில் கடுகளவு இருக்கும் சுரப்பியை எடுத்து, அரைத்து, கிளிசரினில் ஊறவைத்த சாறு. ஆறு மாதமாகத் தலைகளைப் பிளந்தவர் தசரதனேதான். திருட்டு உறுதியானால் வேலை போகும், ஜெயிலும் உண்டு.

"மருந்து வெச்ச குளிர்பெட்டி ரூம் சாவி யார்கிட்ட?" என்றார் அப்பாதுரை.

"என்கிட்ட ஒண்ணு, இவன்கிட்ட ஒண்ணு."

"நீ என்னப்பா சொல்றே?"

"நான் எடுக்கலீங்க. பாட்டில்ல இருந்ததைத்தான் போட்டேன். எப்பவும் தேன் மாதிரி இழுத்துக்கிட்டு வரும். நேத்து தண்ணியாட்டம் ஊத்துச்சு. சூப்பர்வைசர் ஐயாகிட்ட அப்பவே சொன்னேன்."

"பொய் சார். நானே பார்த்தேன், கெட்டியாத்தான் இருந்துச்சு."

8.15. டவுன் கல்லூரியின் விலங்கியல் விரிவுரையாளர் மெஹ்ருன்னிசா சைக்கிளில் வந்து இறங்கினார். கெண்டை மீனின் சினைப்பையில் ஹார்மோன் எங்கே போய் ஒட்டுகிறது என்று ஏழு வருடம் ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியவர். வியாழன்தோறும் சினைப்பை மாதிரி எடுக்க இங்கே வருவார்.

விவரம் கேட்டதும் அவர் கூண்டுகளைப் பார்க்கவில்லை. ஊசிப் பதிவேட்டைக் கேட்டார்.

'18-7-84. ரோகு, மாலை 6.00. வெள்ளிக்கெண்டை, 6.20.'

"இது யார் கையெழுத்து?"

"என்னுதுதான் மேடம்" என்றார் ராஜமாணிக்கம். "பக்கத்துல நின்னு எழுதினேன்."

மெஹ்ருன்னிசா பாட்டிலைச் சாய்த்தார். அடியில் மிச்சமிருந்த துளி தடையில்லாமல் ஓடியது. விரலில் தொட்டார். கிளிசரினின் பிசுபிசுப்பு இல்லை.

"சார், ரோகுக்குத்தான் முதல்ல ஊசி. மிச்சத்துல தண்ணி கலந்திருந்தா, பின்னாடி போட்ட வெள்ளிக்கெண்டைதான் முட்டை போட்டிருக்காது. ரெண்டுக்கும் ஏறினது ஒரே மருந்து."

"அப்போ ஒண்ணு போட்டு, இன்னொண்ணு ஏன் போடல?"

"ஹார்மோன் ஒரு சாவி சார். சினைப்பையில அதுக்கு ஒரு பூட்டு இருக்கு, ஏற்பின்னு பேரு. இந்த ரெண்டு மீனும் ஒரே குடும்பம்தான். ஆனா பிரிஞ்சு கோடி வருஷத்துக்கு மேல ஆச்சு. பூட்டும் தனித்தனியா மாறிப்போச்சு. கெண்டைச் சுரப்பிச் சாறுன்னா ரெண்டும் திறக்கும். மனுஷ ஹார்மோன், அதான் ஆஸ்பத்திரி ஊசி, அதுக்கு வெள்ளிக்கெண்டை திறக்கும். ரோகு அசையாது."

அப்பாதுரை நிமிர்ந்தார். "ஆஸ்பத்திரி ஊசி இங்க எங்க இருக்கு?"

"போன வருஷம் வெள்ளிக்கெண்டைக்குப் போட்டுப் பார்க்க வாங்கினாங்க" என்றார் தசரதன் மெதுவாக. "மிச்சம் ஆறு குப்பி. ஐயா பீரோவுல."

"பீரோ சாவி?"

ராஜமாணிக்கம் வேட்டி மடிப்பிலிருந்து தயங்கித் தயங்கிச் சாவியை எடுத்தார்.

பீரோவில் ஆறு குப்பிகளும் காலி. அவர் மேசைக்கடியில் ஒரு பெரிய ஐஸ் பிளாஸ்க். உள்ளே, சின்னச் சீசாவில், தேன் போல இழுபடும் சாறு.

"மச்சான் சொந்தமா ரோகு குஞ்சு விடப்போறான் சார், சுரப்பிச் சாறுதான் வேணும்னு கேட்டான்..." ராஜமாணிக்கத்தின் குரல் கம்மியது. "எந்த ஹார்மோன் போட்டாலும் மீன் முட்டை போட்டுடும்னுதான் நினைச்சேன். யாருக்கும் நஷ்டம் வராதுன்னு..."

"அப்புறம் முட்டை வரலேன்ன உடனே இவர் தலையில கட்டிட்டீங்க" என்றார் மெஹ்ருன்னிசா. "தண்ணி மாதிரி இருக்குன்னு இவர் சொன்னப்போ காதுல வாங்கியிருந்தாகூட, தப்பு அத்தோட நின்னிருக்கும்."

அப்பாதுரை ராஜமாணிக்கத்தின் தோளில் கை வைத்தார்.

ராஜமாணிக்கத்தை ஏற்றிக்கொண்டு ஜீப் போனதும் தசரதன் மெஹ்ருன்னிசா முன் கைகூப்பினார். அவர் அந்தக் கைகளை இறக்கிவிட்டார்.

"கும்பிடாதீங்க. மருந்து தண்ணியாட்டம் ஊத்துச்சுன்னு நீங்க சொன்னதை வெச்சுத்தான் எனக்குப் பிடி கிடைச்சுது. குளத்துல சினை ரோகு வேற இருக்கா?"

"எட்டு ஜோடி இருக்குதும்மா."

"சப்-இன்ஸ்பெக்டர் விட்டுட்டுப் போன சாறும் இருக்கு. இன்னைக்குச் சாயங்காலமே போடுவோம்."

ஜூலை 20. காலை 5.50.

ரோகுக் கூண்டில் வெளிச்சம் பட்டதும், கண்ணாடி மணிகளை வாரி இறைத்ததுபோல் முட்டைகள் மின்னின. அந்தப் பண்ணையில் பிறந்த முதல் ரோகு முட்டைகள். மெஹ்ருன்னிசா ஒரு கை நீரை அள்ளிப் பார்த்தார். ஏழு வருடம் கண்ணாடிக் குழாய்களில் மட்டுமே பார்த்தது, உள்ளங்கையில் உருண்டது. அவருக்குச் சிரிப்பு வந்தது.

திருட்டு விவரம் கேட்டு வேலூரிலிருந்து வந்த மீன்வளத்துறைப் பெரிய அதிகாரி கூண்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ரோகுக்கு ஊசி போட்டது யாரு?"

தசரதன் ஈரக்கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றார்.

"நாந்தாங்க."