நாற்பத்தொன்றாம் பதிவு

திங்கட்கிழமை, மாலை 4.05. முன்னாள் படகுத் தலைவர் ரயிஸ் குனேம் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கணினி முன் உட்கார்ந்தார். நாற்பத்தொன்றாம் பதிவு இருந்த இடம் காலி.

"கரீமா! என் மகன் எங்க?"

ரஷீத் ஊர் மீனவர்களின் வலை இழுக்கும் பாட்டுகளையும் படகுக் கதைகளையும் பதிவு செய்து, மானுடவியலும் வரலாறும் படிக்கும் பிள்ளைகளுக்காக இணையத்தில் வைத்திருந்தாள் கரீமா. பனிக்கட்டிக் கிடங்குக்கு மேலே ஒற்றை அறை, ஒற்றைக் கணினி. அதற்குமுன் பதினெட்டு வருடம் காவல் நிலையத்தில் எழுத்தர். யாரையும் சட்டென்று நம்பிவிட மாட்டாள்.

நாற்பத்தொன்றில் குனேமும் மகன் ஹிலாலும் சேர்ந்து பாடுவார்கள். கடைசியில் ஹிலால் சிரிப்பான்: "அப்பா, இழுக்கவும் மாட்டேங்குற, பாடவும் மாட்டேங்குற!" அவன் வெளிநாட்டுக்குக் கள்ளப் படகேறிப் போய் ஏழு மாதம். பெருநாளுக்குப் பேசுவான் என்று எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் சொல்வார் குனேம். இரண்டு மாதம் முன்புதான் இருதய அறுவை சிகிச்சை. மாத்திரையை மறந்தாலும் நாலு மணிப் பாட்டை மறக்கமாட்டார். அதன் கீழே மாணவர்கள் எழுதும் குறிப்புகளையும் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டுத்தான் எழுவார்.

4.20. பதிவு அழிந்தது காலை 11.40க்கு, இதே கணினியில். அப்போது கரீமா பல் வைத்தியரிடம் வாயைத் திறந்துகொண்டிருந்தாள். காலையில் அறைக்கு வந்தவர்கள் இருவர்: ஆய்வு மாணவன் வக்தி, பாட்டு வரிகளை எழுதித் தரும் இன்ஷிராஹ், அதாவது குனேமின் மனைவி. இருவராலும் ஒரு பதிவை முழுதாக நீக்க முடியும். கீழே உள்ள குறிப்புகளில் கைவைக்க கரீமாவால் மட்டுமே முடியும்.

"பதினொன்னு நாப்பதுக்கு எங்க இருந்த?" வக்தியைக் கேட்டாள் கரீமா.

"கீழ அவரைக்கொட்டைச் சாப்பாட்டுக் கடையில சாப்பிட்டுட்டு இருந்தேன், அக்கா."

"வரிய தப்பா எழுதியிருக்கன்னு பேராசிரியர் உன் ஆய்வைத் திருப்பி அனுப்பினாராமே. மூலமே இல்லன்னா தப்ப யார் கண்டுபிடிப்பா?"

"என் ஆய்வே அந்தப் பாட்டுதான். அத அழிச்சுட்டு நான் எதக் காட்டுவேன்?"

விசாரணை முடியுமுன்பே எங்கள் தெரு வக்தியைத் தூக்கில் போட்டுவிட்டது.

5.10. குனேம் வீடு. அவருக்கு மூன்று கரண்டி சர்க்கரையோடு தேநீர், கரீமாவுக்குக் காப்பி. ஒரு வாய் குடித்தாள், கசந்தது. துக்க வீட்டில்தான் சர்க்கரையில்லாமல் தருவோம். இன்ஷிராஹ் வீட்டிலோ ஒரு மாதமாக யார் போனாலும் இதுதான். வயதாக ஆகக் கஞ்சத்தனம் முற்றுகிறது என்று தீர்ப்பெழுதி, கிணற்றடியிலிருந்து மீன் சந்தைவரை சிரித்தாயிற்று. கரீமாவும் கோப்பையைப் பாதியில் வைத்தாள். அலமாரியில் சர்க்கரை டப்பா விளிம்புவரை நிறைந்திருந்தது.

"அந்தப் பயல விட்றாத," என்றார் குனேம். இன்ஷிராஹ் பாதிக் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

செவ்வாய், காலை 9.00. இன்ஷிராஹ் உள்ளே வந்ததும் கரீமா அறைக் கதவைச் சாத்தினாள்.

"பதிவ அழிச்சது நீங்கதான், ஹிலால் அம்மா."

"பெத்தவ நான்."

"அதனாலதான். கஞ்சம்னா மொதல்ல ரயிஸோட தேநீர்லதான் சர்க்கரை குறையும். டப்பா நிறைய இருக்கு. வர்றவங்களுக்கு மட்டும் கசப்பு. ராத்திரி என் அஞ்சல் பெட்டியைப் பார்த்தேன். தளத்துல யார் குறிப்பு எழுதினாலும் ஒரு நகல் எனக்கு வரும். நேத்து காலை பத்து மணிக்கு ஒரு பையன் எழுதியிருக்கான். ஹிலாலோட ஒரே படகுல இருந்தானாம். 'இறைவன் அவனுக்கு இரங்கட்டும்'னு முடிச்சிருக்கான்."

இன்ஷிராஹ் முக்காட்டு நுனியை விரலில் சுற்றினாள்.

"ஒரு மாசம் முன்ன எனக்கு அவன்தான் போன் பண்ணான். எம்புள்ள உடம்புகூடக் கிடைக்கலயாம். அவருக்குச் சொல்லாத, நெஞ்சு தாங்காதுன்னுட்டாரு டாக்டர். நேத்து அந்தக் குறிப்பப் பார்த்தேன். அத மட்டும் எடுக்க முடியல. நாலு மணிக்கு இவரு வந்து வாசிப்பாரு." மூச்சு வாங்கினாள். "அழிக்கிறதுக்கு முன்ன மூணு தடவ கேட்டேன். மூணாவது தடவ அவன் சிரிக்க வர்றான்... அதுக்குள்ள அழுத்திட்டேன்."

"அந்தக் காப்பி?"

"துக்கப் பந்தல் போட முடியல, ஓதவும் ஆள் கூப்பிட முடியல. வந்தவங்க ஒரு வாய் குடிச்சுட்டுப் போகட்டும்னு இருந்தேன். தெரியாமலே எல்லாரும் வந்துட்டுப் போனீங்க, கரீமா. நீங்க சிரிச்சீங்க. பரவால்ல."

மாலை 4.05. கரீமா தன் பிரதியிலிருந்து பாட்டைத் திரும்ப ஏற்றியிருந்தாள், அந்தக் குறிப்பு இல்லாமல். "மின்சாரக் கோளாறு, ரயிஸ். வக்தி பாவம்." குனேம் கடைசிவரை கேட்டார். ஹிலால் சிரித்தபோது அவரும் சிரித்தார்.

5.10. கரீமா மறுபடி அந்த வீட்டு வாசலில் நின்றாள்.

"நேத்து பாதியில வச்சுட்டேன், அக்கா. இன்னொரு கோப்பை குடுங்க."

"இன்னிக்காவது சர்க்கரை போட்டுக் குடுடி," என்றார் குனேம். "ஊரே சிரிக்குது."

"வேண்டாம் ரயிஸ், எனக்கு இதுவே போதும்."

உட்கார்ந்தாள். அடியில் வண்டல் தெரியும்வரை குடித்தாள்.