குண்டனுக்கு என்ன கொடுக்கலாம்?

செத்துப்போன நாயின் நெஞ்சில் துடிப்புக் கேட்டபோது டாக்டருக்கு முதலில் ஸ்டெதாஸ்கோப்பின் மேல்தான் சந்தேகம் வந்தது.

மழை பிடித்துக்கொண்ட மாலை அது. வாசல் பலகையில் கால்நடை மருத்துவமனை என்று பெரிதாகப் போட்டிருந்தாலும் உள்ளே இருந்தது இரண்டே அறைகள்தான். கடைசியாக வந்த பூனை தடுப்பூசி போட்டுக்கொண்டு, எல்லோரையும் திட்டித் தீர்த்துவிட்டுக் கூடைக்குள் போயிருந்தது. தரையில் ஃபினாயில் வாடை, அதற்கு அடியில் நனைந்த நாய்முடியின் வாடை, அதற்கும் அடியில், எத்தனை முறை கழுவினாலும் போகாமல், பயந்துபோன பிராணிகள் விட்டுச்சென்ற புளித்த நெடி. பின்னறை மேஜைமேல் ஒரு பழைய போர்வைக்குள் குண்டன் கிடந்தது.

குண்டன் டிரைவர் வீட்டு நாய். லாரி ஓட்டி ஓய்ந்த மனிதர் அவர். பிள்ளை இல்லாத வீடு. புருஷனும் பெண்டாட்டியும் வைத்திருந்த பிரியம் முழுவதும் அந்தக் குட்டைக்கால் நாயின் தலையில்தான் கொட்டப்பட்டது. மூக்கு காய்ந்திருக்கிறதே, காய்ச்சலா? புல் தின்கிறானே, வயிற்றுவலியா? குறட்டை விடுகிறானே, மருந்து இருக்கிறதா? இப்படி ஒரு கேள்வியாவது கேட்காமல் டிரைவருக்கு வாரம் கழியாது. "குறட்டைக்கு மருந்து இருந்தா முதல்ல இவருக்குக் குடுங்க டாக்டர்" என்று அவர் மனைவி சொல்வாள். டாக்டரும் சிரித்துக்கொண்டே பதில் சொல்வாள். மற்றவர்களிடம் சிடுசிடுப்பவள்தான். இவர்களிடம் மட்டும் ஏனோ கோபம் வந்ததில்லை.

குண்டனுக்கு வயதாகிச் சிறுநீரகம் இரண்டும் கெட்டு, தண்ணீர்கூட உள்ளே தங்காமல் போனபோது டாக்டரேதான் சொன்னாள், இனிமேல் அதை வைத்துக்கொண்டு வதைக்க வேண்டாம் என்று. இன்று மதியம் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஊசி போட்டாகிவிட்டது.

ஊசி போட்டபின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பொறுமையாகக் கேட்க வேண்டும். எதுவும் கேட்காது என்று உறுதியான பிறகுதான் சொந்தக்காரர்களிடம் வாயைத் திறக்க வேண்டும். அவள் ஒருநாளும் மீறாத வழக்கம் அது. ஆனால் இன்று முன்னறையில் காலுறையை விழுங்கிய குட்டி ஒன்று வீறிட்டுக்கொண்டிருந்தது. அதைக் கொண்டுவந்தவர் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார். "போயிட்டானா டாக்டர்?" என்று டிரைவர் கேட்டார். கண்ணோரத்தைத் தொட்டாள், இமை அசையவில்லை. "போயிட்டான்" என்றாள். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்காமலேயே சொல்லிவிட்டாள். இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட எதுவும் கேட்டதில்லையே என்கிற தைரியம்.

டிரைவர் தோட்டத்தில் குழி வெட்டிவிட்டு வருவதாகச் சொல்லிப் போயிருந்தார். கூட்டம் ஒழிந்தபின், விட்டுப்போன வேலையை முடித்துவைப்போம் என்று அவள் போர்வையை விலக்கி நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தாள்.

லப்டப். லப்டப்.

அவசரமில்லாமல், சீராக.

தன் விரல் நாடிதான் குழாய் வழியாகக் கேட்கிறது என்று நினைத்துப் பிடியைத் தளர்த்தினாள். வெறும் மேஜைமேல் வைத்தாள். கேட்கவில்லை. சுவரில் வைத்தாள். கேட்கவில்லை. திரும்ப நாயின்மேல் வைத்தாள். லப்டப். ஈறு சாம்பல் நிறமாகியிருந்தது. கண்ணின் பளபளப்பு போய்விட்டது. மூக்கருகே பஞ்சுத் துணுக்கைப் பிடித்துப் பார்த்தாள், ஒரு இழைகூட அசையவில்லை. தாடை இறுக ஆரம்பித்திருந்தது. இறந்த உடல் முதலில் இறுகுவது அங்கேதான்.

இன்னொன்றும் இருந்தது. குண்டனின் இதயத்தில் ஒரு ஓட்டை வால்வு. ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் 'உஸ்' என்று காற்றுப் போவதுபோல் ஒரு சத்தம் வரும். வருஷக்கணக்காக அவளுக்குப் பழகிய சத்தம். இப்போது அது இல்லை. கேட்டுக்கொண்டிருந்தது நல்ல, இளமையான, பழுதே இல்லாத ஒரு துடிப்பு.

"பஞ்சு!" என்று கூப்பிட்டாள்.

எந்நேரமும் சட்டைப்பையில் பஞ்சு பிதுங்கிக்கொண்டிருப்பதால் உதவியாளருக்கு அந்தப் பெயர். அவளைவிட மூத்தவர், அரை ஆயுளை நாய்க்கடியில் கழித்தவர். குழாயைக் காதில் மாட்டிக்கொண்டு குனிந்தார். நிமிர்ந்தபோது முகத்தில் ரத்தம் இல்லை.

"என்ன மேடம் இது?"

"உங்களுக்கும் கேக்குதா?"

"இன்னொரு ஊசி போட்டுடுங்க மேடம். டிரைவர் வர்றதுக்குள்ள."

கால் நரம்பில் மருந்து ஏறவில்லை, உள்ளே ரத்தம் உறைந்திருந்தது. கடைசி வழியாக நீள ஊசியை எடுத்து விலா எலும்புகளுக்கு நடுவே நேராக இதயத்துக்குள் இறக்கினாள். மருந்து முழுவதும் உள்ளே போனது. சிரிஞ்சைக் கழற்றிவிட்டு ஊசியை மட்டும் விட்டுவைத்தாள். துடிப்பு நின்றதா என்று பார்க்க அது ஒரு வழி. இதயம் நின்றுவிட்டால் ஊசி அசையாமல் நிற்கும்.

ஊசி ஆடிக்கொண்டிருந்தது. மெல்ல, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். இருவரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். வெளியே தகரக் கூரையில் மழை விட்டது. நாயின் பின்னங்கால்கள் கட்டைபோல விறைத்தன. ஊசி ஆடிக்கொண்டிருந்தது.

வாசலில் டிரைவரின் இருமல் கேட்டது. "டாக்டர், வந்துட்டேன்" என்ற குரல்.

ஊசி படபடவென்று ஆடத் தொடங்கியது. அவர் வீட்டுக்கு வரும் நேரத்தில் வாசலில் ஓடி நிற்கும் நாய்க்கு நெஞ்சு எப்படி அடித்துக்கொள்ளுமோ அப்படி. டாக்டர் ஊசியைப் பிடுங்கி எறிந்தாள்.

"சொல்லாதீங்க மேடம்" என்று பஞ்சு கிசுகிசுத்தார். "குழி வெட்டியாச்சு. போட்டு மூடட்டும்."

"உயிரோட மண்ணுக்குள்ள போடச் சொல்றீங்களா?"

"உயிரா? தொட்டுப் பாருங்க மேடம். ஐஸ்கட்டி."

தொட்டாள். கை சில்லிட்டது. ஆனாலும் அந்தத் துடிப்பு மண்ணுக்கு அடியில், இருட்டில், டிரைவரின் குரலைத் தேடிக்கொண்டிருக்கும் என்று நினைத்தபோது அவளால் முடியவில்லை. பொய் சொல்லத் தெரியாதவள் அல்ல. இந்த ஒரு பொய் மட்டும் வரவில்லை. டிரைவரை உள்ளே அழைத்து, நடந்ததை அப்படியே சொல்லி, குழாயை அவர் காதில் மாட்டினாள்.

அவர் வெகுநேரம் கேட்டார். பிறகு சிரித்தார். சேறு படிந்த கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அழுதார்.

"இருக்கான்! நான் சொன்னேன்ல, எமகாதகன் அவன்!"

"சார், கேளுங்க. மூச்சு இல்ல. உடம்பு ஆறிப்போச்சு. இது எனக்கே என்னன்னு..."

"நெஞ்சு அடிக்குதே டாக்டர்." அவர் குரலில் கோபமே இல்லை, அதுதான் கொடுமை. "நீங்க போயிட்டான்னீங்க. தப்பு எல்லாருக்கும் நடக்கறதுதான். விடுங்க."

போர்வையோடு வாரி எடுத்துக்கொண்டு போனார். விறைத்த நான்கு கால்களும் அவர் தோளுக்குமேல் நீட்டிக்கொண்டிருந்தன.

மறுநாள் காலையிலேயே தொலைபேசி வந்தது. "ராத்திரியிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல டாக்டர். பால் குடுக்கலாமா?" அடுத்த நாள், "கண்ணு கொஞ்சம் உள்ள போன மாதிரி இருக்கு. சொட்டு மருந்து ஏதாவது?" அதற்கும் அடுத்த நாள், "வயிறு உப்பியிருக்கு. வாயுவா இருக்குமோ?" ஒவ்வொரு முறையும் அவள் கெஞ்சினாள். அதைப் புதைத்துவிடுங்கள், நான் வந்து எடுத்துப்போகிறேன், என்னை நம்புங்கள் என்றெல்லாம். நம்பச் சொல்லும் தகுதியை அவளே தொலைத்துவிட்டிருந்தாள். "ஒரு தடவை அவசரப்பட்டீங்க டாக்டர், போதும்" என்று டிரைவர் சாந்தமாகச் சொல்வார். "உடம்பு வாடை அடிக்குது, குளிப்பாட்டலாமா?" என்று அவர் கேட்ட அன்று, வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தவள் பழக்க தோஷத்தில் "வெந்நீர்ல துடைச்சு விடுங்க, போதும்" என்று சொல்லிவிட்டாள். தொலைபேசியை வைத்தபின் தன் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

பிறகு அவர் பேசுவது நின்றது. மனைவிதான் கூப்பிட்டாள்.

"இவரு ஒருவாய் சாப்பிட மாட்டேங்கறாரு டாக்டர். அவன் சாப்பிட்டாத்தான் நானும்னு சொல்றாரு. பக்கத்துலயே படுத்துக் கிடக்கறாரு. நீங்க ஒரு தடவை வந்து பாருங்க."

"குண்டனையா?"

"இவரை" என்றாள்.

அன்று சாயங்காலமே டாக்டர் போனாள். நாய் எக்கேடு கெட்டாலும் சரி, அந்த இரண்டு பேரையும் அதனிடமிருந்து பிரித்துவிட வேண்டும். வழி நெடுக அது ஒன்றுதான் மனதில். பஞ்சு தெருமுனை வரை வண்டி ஓட்டிக்கொண்டு வந்தார். அதற்குமேல் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

வீட்டின் ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. கதவைத் திறந்ததும் முகத்தில் அறைந்தது முதலில் வாசனைத் திரவியம், மலிவானது, ஒரு புட்டி முழுவதையும் கொட்டியதுபோல. அதன் பின்னாலேயே அது வந்தது, டாக்டருக்குத் தெரிந்த, எந்தத் திரவியத்துக்கும் அடங்காத வாடை. ஈக்களின் ரீங்காரம் அறை அறையாக அடர்ந்துகொண்டே போனது. டிரைவரின் மனைவி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு முன்னே நடந்தாள். அவள் கண்கள் வீங்கியிருந்தன.

கடைசி அறை. மங்கிய விளக்கு. கட்டிலில் டிரைவர், பாதியாக இளைத்து. அவர் கை வளைவில் போர்வை. போர்வைக்குள் குண்டன். கட்டிலுக்குக் கீழே கிண்ணத்தில் பால்.

"வாங்க டாக்டர்" என்றார் டிரைவர். "முடி உதிருது. கொத்துக் கொத்தா வருது."

டாக்டர் போர்வையை விலக்கினாள். பார்க்கக்கூடாது என்று நினைத்ததையெல்லாம் பார்த்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தாள். தோல் வழுக்கிக்கொண்டு நகர்ந்தது.

ஒன்றுமில்லை.

இன்னும் அழுத்தினாள். கண்களை மூடிக்கொண்டு கேட்டாள். அந்த மதியம் கேட்காமல் விட்டதற்கும் சேர்த்து, கால் மரத்துப்போகும் வரை குனிந்து நின்று கேட்டாள். ஈக்கள். சுவர்க் கடிகாரம். வேறெதுவும் இல்லை. நிம்மதியில் அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

"சார், நின்னுடுச்சு" என்றாள். "இந்தத் தடவை நல்லாக் கேட்டுட்டேன். நீங்களே கேளுங்க."

டிரைவர் கேட்டார். அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. குழாயைக் கழற்றித் திருப்பிக் கொடுத்தார். "ஆமா" என்றார். மனைவி சுவரில் சாய்ந்து, இத்தனை நாள் அடக்கிவைத்த அழுகையை ஓவென்று அழுதாள்.

"குழி அப்படியேதான் இருக்கு டாக்டர்" என்றார் அவர். "மூடல."

"நான் தூக்கறேன். நீங்க எழுந்து முகம் கழுவுங்க சார்."

கடைசியாக ஒருமுறை அவர் அதன் தலையைத் தடவினார்.

தலை திரும்பியது.

டாக்டர் அசையவில்லை. அசைய முடியவில்லை. முன்னங்கால் ஒன்று கட்டிலில் ஊன்றியது. மூட்டு மடங்கும் சத்தம், காய்ந்த சுள்ளி முறிவதுபோல. இன்னொரு கால். மூச்சு இல்லை. முனகல் இல்லை. எழுந்து நின்றது. கட்டிலிலிருந்து இறங்கியது. பால் கிண்ணத்தருகே போனது. நின்றது. கிண்ணத்தைத் தாண்டியது.

மனைவியின் அழுகை பாதியில் நின்றுவிட்டது.

"குண்டா" என்றார் டிரைவர். முகமெல்லாம் சிரிப்பு. கட்டிலிலிருந்து கையை நீட்டினார். "பசிக்குதாடா?"

அது அவர் கையை மூக்கால் தொட்டது. வாயைத் திறந்தது. விரல்களைக் கவ்வியது, குட்டி நாய் விளையாட்டாகக் கவ்வுவதுபோல, பதமாக. ஊசி இறங்கிய இடத்துத் துளை விலாவில் கறுப்பாகத் தெரிந்தது. அங்கே எதுவும் துடிக்கவில்லை.

"சார், கையை எடுங்க" என்றாள் டாக்டர்.

தாடை மெதுவாக இறுகியது. மெதுவாக. நிற்காமல். ஏதோ நொறுங்கும் சத்தம்.

டிரைவர் கையை எடுக்கவில்லை. சிரிப்பு மாறாமலே டாக்டரைத் திரும்பிப் பார்த்தார்.

"பாத்தீங்களா, பசி வந்துடுச்சு" என்றார். "என்ன குடுக்கலாம் டாக்டர்?"

பால் கிண்ணத்தில் சொட்டுச் சொட்டாகச் சிவப்பு விழுந்து பரவியது. குண்டன் கண்ணிமைக்காமல், அவர் மணிக்கட்டை நோக்கி வாயை இன்னும் கொஞ்சம் நகர்த்தியது.