இரு கரை விலை

காலையில் விலை கேட்கப் புறப்படும் முன் வயிறு நிறையச் சாப்பிட்டுவிடுவேன். பசியோடு போகிறவனுக்கு எந்தக் கடையிலும் விலை கூடுதல். செருப்பு தேய்ந்திருந்தால் புதிது வாங்கிப் போட்டுக்கொண்டுதான் போவேன். கால் வலித்தால் போகவே மாட்டேன். கார் விற்கிற இடத்துக்குள் கால் வலியோடு நுழைவதைப் போன்ற மடத்தனம் உலகத்தில் வேறு இல்லை.

என் பெயர் லிகோரி. தொழில், விலைகேட்பாளர். சேதுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் பாம்பனில் ஒரு கார்க்கூடம் இருக்கிறது, அந்தப் பக்கம் தலைமன்னாரில் ஒன்று. அங்கே ஒரு வரி, இங்கே ஒரு வரி, மாதத்துக்கு ஒரு தள்ளுபடி. மற்றவர்களுக்காக இரண்டு நாட்டிலும் விலை கேட்டு, எந்தக் கரையில் மலிவோ அந்தக் கரையில் முடித்துக் கொடுப்பது என் பிழைப்பு.

நாங்களே போய்க் கேட்டால் என்ன என்பீர்கள். தாராளமாகக் கேட்கலாம். கூடத்தின் வாசலில் தேவைமானி என்று ஒரு கண்ணாடித் தட்டு இருக்கும். அதில் உள்ளங்கையை வைத்தால்தான் விலை வரும். நாடி, வியர்வை, கண்மணியின் அசைவு, போன மாதம் யாரோடு எவ்வளவு நேரம் பேசினீர்கள், எந்த ஊரின் பெயரைக் கேட்டால் மூச்சு மாறுகிறது, எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து இந்தக் கார் உங்களுக்கு எவ்வளவு தேவை என்று அது கண்டுபிடித்துவிடும். எவ்வளவு தேவையோ அவ்வளவு விலை. ஒரு கரையில் கேட்டுவிட்டு மறு கரையிலும் போய்க் கேட்டால், ஆள் அலைகிறார் என்று இரண்டு பக்கமும் கொஞ்சம் ஏற்றிவிடும்.

அந்தக் காலத்து மாட்டுச் சந்தையில் தரகர்கள் கைமேல் துண்டைப் போட்டு, அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்களாம். சுற்றி நிற்பவர்களுக்குத் தெரியாமல் விலையை மறைக்க அந்தத் துண்டு போதும். தேவைமானிக்கு எந்தத் துண்டும் போதாது. அதனால், உண்மையிலேயே ஒன்றும் வேண்டாத ஆள் ஒருவன் ஊருக்குத் தேவைப்பட்டான். எனக்குப் பெற்றோர் இல்லை, கல்யாணம் இல்லை, போய்ப் பார்க்க வேண்டிய ஊர் இல்லை. நான் கை வைத்தால் அடிவிலை வரும். வந்த விலையை யாருக்காகக் கேட்டேனோ அவர் பெயருக்கு மாற்றிக்கொள்ளச் சட்டத்தில் இடம் உண்டு. ஒரே நிபந்தனைதான். ஒருவர் வாழ்நாளில் ஒரே ஒரு கேட்பாளரைத்தான் பதிவு செய்யலாம். அதன்பிறகு அந்தக் கேட்பாளர் கேட்க வேண்டும், அல்லது பதிவு செய்தவரே கேட்க வேண்டும்.

ஒரு தடவை ஒரு பூனை வீட்டுக்குள் வந்து தங்கிவிட்டது. அந்த மாதம் என் விலை லேசாக ஏறியது. பூனையை மீன் கம்பெனிக்காரனுக்குக் கொடுத்துவிட்டேன். மறு மாதம் விலை இறங்கிவிட்டது. அவ்வளவு கவனமாக இருந்தவன் நான்.

தை மாதத்தில் மெற்றில்டா டீச்சர் வந்தார். பாம்பன் கூடம் அக்கரைக்கு விடும் இலவச வண்டியில் வந்து, கார் பார்க்கிற சாக்கில் இறங்கி, நேராக என் கடைக்கு வந்துவிட்டார். மன்னாரில் கணக்குப் படிப்பிக்கிறவர். வயது ஐம்பதைத் தொட்டிருக்கும். கணவர் எப்போதோ பிரிந்து போய்விட்டார்.

"மகள் மதுரை ஆஸ்பத்திரியில இருக்கிறா. ஷெரின் எண்டு பேர்," என்றார். "முள்ளந்தண்டில அடி. ஒரு வருசத்துக்கு மேல படுக்கையில. ஆளை அசைக்கக் கூடாதாம். நான்தான் போகவேணும். பாலத்தால சொந்தக் கார் மட்டும்தானே விடுறாங்கள்."

"விமானம்?"

"அதுக்கும் உங்கட தட்டுத்தானே. மகளைப் பாக்கப் போற தாய்க்கு அது என்ன விலை சொல்லும் எண்டு நினைக்கிறீங்கள்?"

கூடத்து வண்டியில் வருகிறவர்களுக்குச் சாயங்காலம் வரைதான் அனுமதி, அதுவும் பாம்பன் தீவுக்குள் மட்டும். மதுரைக்கு அவர் வரக்கூடிய மிகப் பக்கமான இடம் என் கடை.

"அங்க நீங்களே விலை கேட்டுட்டீங்களா டீச்சர்?"

"ஓம். நாப்பது லட்சம் எண்டுது. எங்கட காசில இல்லை, உங்கட காசில."

"ஐயையோ. இங்க கையக் கிய்ய வச்சிராதீங்க. நான் கேட்டாப் பத்துக்குள்ள வரும். ஆடி வரட்டும், தள்ளுபடி போடுவான். அதுவரைக்கும் பொறுங்க."

பத்துக்குள் என்றால் அவரால் முடியும். வீட்டை விற்க வேண்டாம். பெயரைப் பதிவு செய்தோம். ஆடி வரை அவர் வந்திருக்க வேண்டியதே இல்லை. ஆனால் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வந்தார். கடல் தாண்டிப் பேசுவதைவிட இந்த மண்ணில் உட்கார்ந்து பேசினால் மகள் பக்கத்தில் இருப்பது போல இருக்கிறது என்பார். என் கடை நாற்காலியில் உட்கார்ந்து ஷெரினோடு திரையில் பேசுவார். நான் தேநீர் வாங்கி வருவேன். கொஞ்ச நாளில் ஷெரின் என்னையும் திரைக்குக் கூப்பிட ஆரம்பித்தாள்.

"கேட்பாளர் அங்கிள், அம்மாவுக்கு நல்ல நிறத்தில கார் எடுத்துக் குடுங்கோ. அவ சாம்பல் நிறம்தான் எடுப்பா."

"சாம்பல்ல அழுக்குத் தெரியாதும்மா," என்பேன்.

"ரெண்டு பேருக்கும் ஒரே புத்தி," என்று படுத்தபடியே சிரிப்பாள்.

டீச்சர் எனக்குக் கணவாய்மீன் பிரட்டல் கொண்டுவருவார். சாப்பிட்டால் விலை கேட்க நல்லது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். சாணியை மிதித்த முட்டாளுக்கு மூன்று இடத்தில் ஒட்டும் என்பார்கள். எனக்கு எத்தனை இடத்தில் ஒட்டியது என்று அப்போது தெரியவில்லை.

ஆடி பிறந்தது. முதலில் தலைமன்னார்க் கூடத்தின் இலவச வண்டியில் அக்கரை போனேன். புதுச் செருப்பு, நிறைந்த வயிறு. சாம்பல் நிறத் தானோட்டிக் கார் ஒன்றைக் காட்டிக் கையை வைத்தேன். நாற்பத்தாறு லட்சம் என்று வந்தது. இயந்திரம் பழுது என்று நினைத்துத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். நாற்பத்தேழு.

வேண்டாம் என்று திரும்பி நடந்தேன். எங்கள் தொழிலில் அதுதான் கடைசி வித்தை. வாசல் தாண்டும் முன் கூடத்தின் குரல் பின்னாலிருந்து, 'ஐயா, ஒரு நிமிசம்' என்று கூப்பிட்டு விலையைக் குறைக்கும். நான் நடந்து குறையாத நாளே கிடையாது. அன்று மெதுவாக நடந்தேன். வாசல் தாண்டினேன். யாரும் கூப்பிடவில்லை. நான் திரும்பி வருவேன் என்று அதற்குத் தெரிந்துவிட்டது.

பாம்பனிலும் அதே கதை. கூடத்துக்காரர் மலைச்சாமி என்னோடு இருபது வருஷம் பழகியவர். திரையையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன லிகோரி, ஒடம்புக்கு ஏதும் முடியலையா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"அப்பச் சரி, யாருப்பா அது?" என்றார்.

பதில் சொல்ல வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. டீச்சர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். என் கடையில் காத்திருக்கச் சொல்லியும் பொறுக்காமல் வந்துவிட்டார். திரையில் இருந்த எண்ணைப் படித்தார். கணக்கு டீச்சருக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

"என்ர விலையை விட உங்கட விலை கூட," என்றார். "என்னத்துக்கு?"

பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது? தட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. "உங்களுக்கு இந்தக் கார் கிடைக்கணும்னு இருக்கு டீச்சர். எனக்கு எதுவும் இப்படி இருந்ததில்லை. கிடைச்சா வாராவாரம் நீங்க இந்த வழியாத்தான் போவீங்க. அதையும் நெனச்சுட்டேன். மன்னிச்சிருங்க."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கைப்பையை மலைச்சாமியின் மேசையில் வைத்துவிட்டு, என் பக்கத்தில் வந்து நின்றார். "கைய வைக்காதீங்க டீச்சர், ஏறிடும்," என்று சொல்லி முடிப்பதற்குள் உள்ளங்கையைத் தட்டில் வைத்துவிட்டார்.

ஐம்பத்திரண்டு லட்சம்.

மலைச்சாமி நல்ல மனிதர். தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போய்விட்டார். நாங்கள் இருவரும் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஐம்பத்து நான்கு வயதில் எனக்குக் கிடைத்த முதல் காதல் கடிதம் அதுதான். அதைப் படித்த சந்தோஷம் அடங்கும் முன்பே பயம் வந்துவிட்டது. மதுரையில் அந்தப் பெண் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாள். அவளுடைய அம்மாவுக்கும் அவளுக்கும் நடுவில் இப்போது நானும் ஒரு சுவர்.

"நாப்பது ஷெரினுக்கு," என்றார் டீச்சர் தாழ்ந்த குரலில். "மிச்சம் ஆருக்கு எண்டு உங்களுக்கு விளங்குதுதானே?"

"விளங்குது."

"நான் இனி வர மாட்டன்."

"வராதீங்க."

"போனும் வேண்டாம்."

"வேண்டாம்."

"மறக்க வேணும் லிகோரி. ரெண்டு பேரில ஒராள் மறந்தாலும் போதும். உங்கட விலை குறைஞ்சா எனக்கு அறிவியுங்கோ. என்ர விலை குறைஞ்சா நான் காரை எடுத்துக்கொண்டு வந்திடுவன்." அதுவரை என்னை ஐயா என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். அன்றைக்கு என்று பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கூடத்து வண்டி ஹாரன் அடித்தது. போய்விட்டார்.

அது நடந்து ஒரு ஆடி போய் இன்னொரு ஆடியும் போய்விட்டது. வேறு யாரும் என்னிடம் விலை கேட்க வருவதில்லை. விலை ஏறின கேட்பாளர் ஊருக்கு எதற்கு? டீச்சர் உட்கார்ந்த நாற்காலியை மலைச்சாமிக்குக் கொடுத்தேன். கணவாய் சாப்பிடுவதில்லை. ஷெரின் அழைத்தால் எடுப்பதில்லை. அவள் குரலைக் கேட்டாலும் என் விலை ஏறும். அவள் என்ன நினைப்பாள் என்று நினைத்தாலும் ஏறும். மாதம் பிறந்தால் கூடத்துக்குப் போய்க் கையை வைக்கிறேன். மாதாவே, இந்தத் தடவையாவது குறையட்டும் என்று மனசார வேண்டிக்கொண்டுதான் வைக்கிறேன். நாற்பத்தேழுக்குக் கீழே அது இறங்கவே இல்லை.

பகலில் பாலத்தின் வாயில் நிற்கிறேன். அந்தக் கரையிலிருந்து வருகிற கார்கள் அங்கே சோதனைக்காக வேகம் குறைக்கும். ஒவ்வொன்றின் உள்ளேயும் பார்க்கிறேன். மெற்றில்டா வர வேண்டும். வந்தால் மகளைப் பார்த்துவிடுவார். வந்தால், அவருடைய விலை குறைந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது கண்ணாடிக்கு வெளியே நிற்கிற என்னை அவர் பார்த்தாலும் அது வெறும் பார்வையாகத்தான் இருக்கும்.

இன்று மதியம் ஒரு சாம்பல் நிறக் கார் வந்தது. குனிந்து பார்த்தேன். மெதுவாக என்னைத் தாண்டிப் போனது. உள்ளே யாரோ ஒரு கிழவர், மடியில் பழக்கூடை. மெற்றில்டா இல்லை என்றதும் அப்பாடா என்று இருந்தது. உடனே ஷெரின் ஞாபகம் வந்தது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

நாளை மாதப் பிறப்பு. காலையில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும்.