ஐம்பத்தொரு கிலோ

மணல் மூட்டையில் தன்னுடைய நீலச் சால்வை சுற்றியிருந்ததை சுஹைரா முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. புருஷன் தாஹிருக்குக் கையில் அகப்படுவதெல்லாம் பழந்துணிதான். கலியாணச் சேர்ட்டில் ஸ்பானர் துடைத்த மனிதன். ஆனாலும் விறாந்தைக் கதிரையில் இருந்து பார்க்கையில், கொட்டகை நிழலில் நின்ற மோட்டார் சைக்கிளின் சைட்காருக்குள் யாரோ தலையைக் குனிந்துகொண்டு இருப்பதுபோலத்தான் இருந்தது.

அந்த வண்டியை அவன் திருத்தத் தொடங்கியதே அவளுக்காகத்தான். பாரிசவாதத்தில் இடது கையும் காலும் விழுந்து இரண்டு வருடம். அந்தக் காலை நீட்டி வைக்க ஓட்டோவில் இடமில்லை. தோப்பூரில் மகள் றிஸ்லாவுக்குப் பிள்ளை பிறந்து இருபத்தெட்டு நாளாகியும், பேரனை அவள் போனில் மட்டுமே கண்டிருந்தாள். துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் திருத்திய தாஹிர், தன் வாப்பா விட்டுப்போன சைட்கார் மோட்டார் சைக்கிளைத் துருவோடு வெளியே இழுத்து, புது ஷொக் அப்சோபரும் முன்சில்லுக்கு டிஸ்க் பிரேக்கும் பூட்டினான்.

"பிள்ளைய உன்ட மடியில வெச்சுக் காட்டுறன், பாரு" என்றான். அவள் நம்பினாள்.

ஏறும் ஆளின் எடைக்கேற்பச் சில்லைச் சரிபார்க்காவிட்டால் சைட்கார் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். அதனால் அரிசி ஆலைத் தராசில் அவளைக் கதிரையோடு ஏற்றி எடை பார்த்தான். கதிரையைக் கழித்து ஐம்பத்தொரு கிலோ. அவளுக்குப் பதிலாக ஏற்றி ஓட்டிப் பார்க்க, அதே எடைக்குப் புல்மோட்டைக் கறுப்பு மணலைச் சாக்கில் அள்ளிச் சணலால் கட்டினான். இரும்பு மாதிரிக் கனக்கும் மணல்; அத்தனை கிலோவும் ஒரு தலையணை அளவுதான் வந்தது.

"உன்னப் போலத்தான். ஆள் சின்னன், பாரம் பெரிசு" என்று பகிடி விட்டான். அவளும் சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்தவன் மூட்டையைத் தூக்கினான். ஒரு கை அடியில், மறு கை முதுகில். கட்டிலில் இருந்து அவளைத் தூக்குவதும் அப்படித்தான்.

"றிஸ்லாட வாப்பா, நான் எப்ப வாற?"

"இன்னும் இடப்பக்கம் இழுக்குது புள்ள. ஒருக்கா ஓடிப் பாத்திட்டு வாறன்."

போனவன் வர அஸர் தொழுகை நேரம் ஆகிவிட்டது. சனியும் அப்படியே, ஞாயிறும் அப்படியே. கடற்படை முகாம் பக்கமாக வண்டிச் சத்தம் எழுந்து, உப்புக்காற்றில் அமுங்கி, மறுபடி எழுந்து வாசலுக்கு வரும். எஞ்சின் நின்றதும் சூடான எண்ணெய் மணம் விறாந்தைவரை ஏறும். இரும்பு ஆறுகிற டிக் டிக் ஓசைக்கு நடுவில் தாஹிரின் குரல் கொட்டகைக்குள் யாரோடோ தணிவாகக் கதைத்துக்கொண்டிருக்கும். அந்தக் குரலில் அவன் அவளோடு கதைத்து இரண்டு வருடமாகிறது. ஒரு மூட்டையோடு போட்டியா என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். எரிச்சல் போகவில்லை.

திங்கட்கிழமை பக்கத்து வீட்டு நப்லா கஞ்சி கொண்டுவந்தாள்.

"ராத்தா, நேத்து கிண்ணியாப் பாலத்தில உங்களக் கண்டன். கூப்பிட்டதுக்குக் கையும் காட்டினீங்க."

"எந்தக் கைய?"

நப்லா யோசித்துத் தன் இடது கையைத் தூக்கிக் காட்டினாள். பிறகுதான் அவளுக்கு விளங்கியது. அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிப் போய்விட்டாள்.

சுஹைரா வலது கையால் போனை எடுத்தாள்.

"றிஸ்லா, கொஞ்சம் பொறு மகள். வண்டி சரியானதும் உம்மா வருவன்."

"என்ன உம்மா கதைக்கிறீங்க? மூணு நாளா வாறீங்கதானே. பிள்ள உங்கட மடியில மட்டும்தான் அழாம இருக்கான்." றிஸ்லாவின் குரல் தணிந்தது. "ஆனா குளிப்பாட்டக்குள்ள அவன்ட வாய்க்குள்ள கறுப்பு மணல் இருந்திச்சு. அது எப்படி உம்மா?"

போன் மடியில் விழுந்தது. பயம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது ஆத்திரம். இருபத்தாறு வருடம் சமைத்துப்போட்டு, அவன் எண்ணெய்க் கறையைத் தேய்த்துத் தேய்த்துத் தோல் உரிந்த கை அவளுடையது. அவளுடைய முதல் பேரனை அவன் வேறொன்றின் மடியில் வைத்திருக்கிறான்.

அன்று அவன் வந்ததும் கேட்டாள்.

"தோப்பூருக்கா போனீங்க? எதக் கூட்டிக்கொண்டு?"

தாஹிர் சில்லைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"அது இருந்தா வண்டி நேராப் போகுது. நோவுமில்ல, அழுகையுமில்ல." துணியைத் தோளில் போட்டான். "எனக்குக் களைச்சிட்டுது சுஹைரா."

கத்த வாயைத் திறந்தாள். பல்லுக்கிடையில் நறநறவென்றது. நாக்கு புரளவில்லை. வலது கையைத் தூக்கப் பார்த்தாள். அதுவும் விழுந்து கிடந்தது.

அவன் வந்தான். குனிந்தான். இந்த முறை அடியில் கை இல்லை, முதுகில் கை இல்லை. தோள் இரண்டையும் துணியோடு சேர்த்துக் கொத்தாகப் பிடித்தான். தூக்கினான். கொட்டகை மூலையில், பழைய ரயர்களுக்குப் பக்கத்தில் இறக்கினான்.

பத்து நாளில் றிஸ்லா பிள்ளையோடு வந்தாள். வந்ததும் கொட்டகையை எட்டிப் பார்த்தாள். பிள்ளை தோளில். சிவந்த குதிகால். பால் மணம். கை நீட்டினால் தொடும் தூரம். சுஹைராவுக்குக் கை இல்லை.

"இது என்ன வாப்பா?"

"பழைய மூட்டை மகள். இனித் தேவையில்ல. ரோட்டுக் குழிக்குக் கொட்டுவம்."

"உம்மா எங்க?"

"குசினிக்குள்ள. தேத்தண்ணி ஊத்துறா. போ."

றிஸ்லா போனாள். கொஞ்ச நேரத்தில் வீட்டுக்குள் தாலாட்டு எழுந்தது. சுஹைராவின் குரல். சுஹைராவின் பாட்டு. பாடிக்கொண்டே நடக்கும் இரண்டு கால்களின் ஓசையும்.

தாஹிர் கேபிள் வெட்டும் கத்தியை எடுத்துக்கொண்டு அவள் முன்னால் குந்தினான். அவள் கண்களை நேராகப் பார்த்தான். பிறகு, அவள் கழுத்தில் சணல் முடிச்சு எங்கே என்று பெருவிரலால் தடவத் தொடங்கினான்.