கொடூரம் வேண்டாம், எளிது போதும்

"அவன் மறுபடியும் செத்துட்டான்டா!"

வரிசையில் நின்ற கூட்டம் கொல்லென்று சிரித்தது. போலந்தின் பொஸ்னான் நகரத்து வீடியோ கேம் கண்காட்சியில் சனிக்கிழமைக் கூட்டத்தைக் கேட்கவா வேண்டும்? திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவனுக்குக் காதுமடல் வரை சிவந்துவிட்டது. அவனுடைய வாள்வீரன் சேற்றில் குப்புறக் கிடந்தான். அவன் முதுகில் ஏறி உட்கார்ந்து தவளை அரசன் ஏப்பம் விட்டான்.

யாகோடா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தவளைக்கு எவ்வளவு பலம், எத்தனை வெட்டு வாங்கினால் சாகும் என்று கணக்குப் போட்டவளே அவள்தான். ஆனால் அரங்கில் நிற்கும்போது அதைச் சொல்லக் கூடாது. செய்தவர் பக்கத்தில் நிற்கிறார் என்று தெரிந்தால் ஆட வந்தவர்கள் மனதில் பட்டதைப் பேசமாட்டார்களாம். ஆகவே வாயை மூடிக்கொண்டு பார்க்க வேண்டும். இது அவள் குழுவின் கட்டுப்பாடு.

வாய் சும்மா இருந்தால்தானே...

"ஆட்டத்தைக் கொடூரம்னு ஏன் வெச்சீங்க? கீழ எளிதுன்னு ஒரு நிலை இருக்கே!"

அவன் வெடுக்கென்று திரும்பினான். அம்மாடி... என்ன கண்கள்! மழைக்கு முந்தைய வானத்தின் சாம்பல் நிறம். அதில் கோபம் இருந்தது. 'போயும் போயும் இவள் பார்த்துவிட்டாளே' என்ற கூச்சமும் இருந்தது.

"எளிதெல்லாம் சின்னப் பசங்களுக்கு."

"சின்னப் பசங்க இந்நேரம் தவளையைத் தாண்டிப் போயிருப்பாங்க."

கூட்டம் விசிலடித்தது. அவன் கண்ட்ரோலரை வைத்துவிட்டு விறுவிறுவென்று வெளியேறினான். யாகோடா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மத்தியானம், வெளியே மழை கொட்டியது. நீள ரொட்டியில் காளானும் சீஸும் பரப்பிச் சுட்டு விற்கும் வண்டிக்குக் கையகலக் கூரைதான். அதன்கீழ் ஓடிவந்து ஒதுங்கினால்... அதே சாம்பல் கண்கள்!

"வாங்க, வாங்க. தவளை அனுப்பிச்சதா?" என்றான். ஆனாலும் அவளுக்கு இடம் விட்டுத் தன் தோளை மழையில் நனையக் கொடுத்தான்.

பெயர் டிமோன். ஊருக்குள் ட்ராம் ஓட்டுகிறானாம்.

"வண்டி நெறைய ஜனங்களை ஏத்திக்கிட்டு இந்த மழையில ஓட்டுறேங்க. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆனதில்ல. ஒரு தவளைகிட்டப் போய் மானத்தை விட்டுட்டேன். அதைச் செஞ்சவன் மட்டும் கையில கெடைக்கட்டும்... பாவி, அவனுக்கெல்லாம் மனசுன்னு ஒண்ணு இருக்குமா?"

"இருக்காது," என்று அவளும் ஒத்து ஊதினாள்.

"நீங்க அங்க என்ன வேலை?"

"நானா... பிட் நோட்டீஸ் குடுக்கறேன்."

கட்டுப்பாடு எல்லாம் சாக்கு. உண்மையைச் சொன்னால் இந்தச் சிரிப்பு நின்றுவிடுமே என்ற பயம்தான். காலை வரை யாரென்றே தெரியாத ஒருவனுடைய சிரிப்புக்கு இத்தனை பயமா? இருந்ததே, என்ன செய்ய!

"காலையில வேலைக்குப் போறதுக்கு முன்னாடி வர்றேன்," என்றான் அவன். "தவளையைப் பாக்க இல்ல."

ஞாயிறு காலை சொன்னபடி வந்தான், ட்ராம்காரர்களின் நீலச் சீருடையில். யாகோடா வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து அவள் கூட்டாளி ஹூபர்ட் கத்தினான்.

"யாகோடா! உன் தவளை ரொம்ப ஆட்டம் போடுது. பலத்தைக் கொறைச்சுடவா?"

டிமோனின் முகம் சுருங்கியது.

"உங்க தவளையா?"

"டிமோன், நான் சொல்லணும்னுதான்..."

"நான் சாகச் சாக நின்னு பாத்தீங்க. அப்புறம் என்கூடச் சேர்ந்து சிரிச்சீங்க. பரவால்ல, நல்ல வேடிக்கைதான்."

போயே போய்விட்டான்.

ஃபோன் நம்பர் கிடையாது. வீடு எங்கே என்றும் தெரியாது. கண்காட்சியோ சாயங்காலம் ஆறுமணியோடு சரி. அவன் வராவிட்டால் அவ்வளவுதான்... யாரோ வந்தார்கள், ஆடினார்கள், போனார்கள். நீலச் சட்டை கண்ணில் பட்டால் போதும், அவள் எக்கி எக்கிப் பார்த்தாள். ஒருவர் காவலாளி. இன்னொருவர் துப்புரவுக்காரர். 'சனியன் பிடிச்ச தவளை! அதைக் கொஞ்சம் சாதுவாப் படைச்சா என்ன கொள்ளை போயிருக்கும்?'

ஹூபர்ட் ஒயர்களைச் சுருட்டத் தொடங்கிவிட்டான்.

"கடைசித் திரையையும் அணைச்சிடவா?"

"கொஞ்சம் இருடா..."

"யாருக்காக?"

அவள் வாசலையே பார்த்தாள். அப்போது ஈரக் காலணிகள் சத்தமிட ஒருவன் நடந்துவந்து நாற்காலியில் உட்கார்ந்தான். சட்டை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அவளை ஏறிட்டுப் பார்க்கவில்லை. திரையில் அம்புக்குறி இறங்கியது. கொடூரம்... கடினம்... நடுத்தரம்... எளிது. அமுக்கினான்.

"வீட்டுல எந்த ஆட்டமா இருந்தாலும் நான் எப்பவும் எளிதுலதான் ஆடுவேன்," என்றான் திரையைப் பார்த்தபடியே. "நேத்து நீங்க பின்னால வந்து நின்னீங்க. பெரிய ஆளுன்னு காட்டிக்கக் கொடூரத்தை அமுக்கினேன். காலையில உங்கமேல கோவிச்சுக்கிட்டுப் போனேனா... வண்டியில உக்காந்து யோசிச்சா, மொதப் பொய் என்னோடதுதான்."

அவள் அவன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "இன்னைக்கும் பின்னாலதானே நிக்கறேன்?"

"அதுக்குத்தாங்க எளிது. கொடூரத்துல வெச்சா திரையை விட்டுக் கண்ணை எடுக்க முடியாது. இதுல வெச்சா அப்பப்பத் திரும்பி உங்களைப் பாத்துக்கலாம்."

காலையிலிருந்து அடக்கிவைத்த அழுகை அவளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"தவளையைச் செஞ்சது நான்தான். உங்களை எனக்குப் பிடிச்சுப் போச்சு. ரொம்பப் பிடிச்சுப் போச்சு. அதான் சொல்லப் பயந்தேன்."

டிமோன் திரும்பிப் பார்த்தான். பார்த்தவன் பார்த்தபடியே இருந்தான். திரையில் தவளை அரசன் அவசரமே இல்லாமல், ஆடி அசைந்து வந்து, சும்மா நின்ற வீரனை முழுசாக விழுங்கினான்.

"யோவ், எளிதுலயுமா சாவே?" என்று ஹூபர்ட் தலையில் அடித்துக்கொண்டான். கேட்பதற்குத்தான் அங்கே யாரும் இல்லை.